தகர பொம்மை வீடுகள்: அடையாளம் காண்பது முதல் அலமாரியில் வைப்பது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அமெரிக்கப் பொம்மைக் கடைகளில் தனி இடம் பிடித்திருந்தவை தகர பொம்மை வீடுகள். தட்டையான பெட்டியில் தகடுகளாக வரும். அப்பாவோ அண்ணனோ உட்கார்ந்து பூட்டிக் கொடுக்க வேண்டும். முன்பக்கம் பார்த்தால் அசல் புறநகர் வீடு. பின்பக்கம் திறந்தே இருக்கும், குழந்தை அங்கிருந்து கைவிட்டு விளையாடும். கூரை ஓடு, செங்கல், சுவரில் ஏறும் கொடி, சன்னல் திரை, சமையலறைத் தரை, குளியலறை டைல்ஸ் எல்லாமே தகரத்தின் மேல் அச்சடித்தவைதான்.

இன்று அமெரிக்காவில் எஸ்டேட் சேல் (ஒருவர் காலமான பிறகோ வீட்டைக் காலி செய்யும்போதோ வீட்டுச் சாமான்களை விற்பது), பழம்பொருள் சந்தை, இணைய ஏலம் என்று எங்கே பார்த்தாலும் இவை கிடைக்கின்றன. நான் இவற்றைச் சேர்த்துப் பராமரித்து வருகிறேன். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இருக்கும் தமிழ் நண்பர்கள் "ஒன்று வாங்கியிருக்கிறேன், எப்படிச் சுத்தம் செய்வது?" என்று கேட்கும்போதெல்லாம் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் இருத்திக்கொள்ளுங்கள். இந்த வீட்டின் உயிர் அச்சில்தான் இருக்கிறது. வளைந்த தகட்டை நிமிர்த்தலாம், தகடுகளைப் பூட்டும் சிறு நாக்கு ஒடிந்தால் மாற்று வழி உண்டு, தொலைந்த நாற்காலியைத் தேடி வாங்கிவிடலாம். அழிந்த அச்சு மட்டும் திரும்ப வராது. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு விஷயத்தைக் காப்பாற்றத்தான்.

எப்படிச் செய்தார்கள்

இதைத் தெரிந்துகொண்டால் பராமரிப்பில் பாதி தானாகப் புரிந்துவிடும். மெல்லிய இரும்புத் தகட்டின் இரண்டு பக்கமும் வெள்ளீயம் பூசியிருப்பார்கள். அதன் மேல் ஆஃப்செட் லித்தோ முறையில் அச்சடிப்பார்கள். கல் அல்லது உலோகத் தகட்டிலிருந்து மை நேராகத் தகரத்துக்குப் போகாது. முதலில் ஓர் உருளைக்கு மாறி, அதிலிருந்துதான் தகரத்தில் பதியும். இதற்கு 1875-இல் இங்கிலாந்தில் ராபர்ட் பார்க்ளே காப்புரிமை பெற்றார். காகிதத்துக்கு இந்த முறை வந்ததே பின்னால்தான். ஒவ்வொரு நிறத்தையும் அடித்து, அடுப்பில் சுட்டு உலர்த்தி, மேலே வார்னிஷ் பூசி, அதன் பிறகுதான் தகட்டை வெட்டித் துளையிடுவார்கள்.

அச்சடித்த பிறகு வெட்டுவதால், வெட்டிய ஓரங்களில் எல்லாம் பூச்சில்லாத வெற்று இரும்பு வெளியே தெரியும். துரு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். துத்தநாகம் பூசிய வாளியில் கீறல் விழுந்தால் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். வெள்ளீயம் அப்படிச் செய்யாது. பூச்சு ஓர் இடத்தில் போய்விட்டால் அந்த இடத்து இரும்பு சீக்கிரமாகவே அரிக்கும். அதனால் சின்னக் கீறல்தானே என்று விட்டுவிடக் கூடாது.

படி 1: யார் செய்தது என்று பாருங்கள்

பெரும்பாலும் உங்கள் கையில் சிக்குவது லூயிஸ் மார்க்ஸ் கம்பெனியின் வீடாகத்தான் இருக்கும். 1919-இல் நியூயார்க்கில் தொடங்கிய நிறுவனம் அது. 1955 டிசம்பரில் லூயிஸ் மார்க்ஸின் படம் டைம் பத்திரிகையின் அட்டையிலேயே வந்தது. அந்த அளவுக்குப் பெரிய ஆள். போருக்காக 1942-இல் அமெரிக்காவில் உலோகப் பொம்மை உற்பத்தியை நிறுத்தினார்கள். போர் முடிந்து, 1940-களின் கடைசியில், பிளாஸ்டிக் சாமான்களோடு கூடிய தகர வீடுகளை மார்க்ஸ் சந்தைக்குக் கொண்டுவந்தது. மேற்கு வர்ஜீனியாவில் கிளென் டேல் என்ற ஊரில் இருந்த பெரிய ஆலைதான் இந்த வீடுகளின் பிறப்பிடம். பக்கத்து ஊரான மவுண்ட்ஸ்வில்லில் மார்க்ஸ் பொம்மைகளுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருந்தது, 2016-இல் மூடிவிட்டார்கள். அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

மார்க்ஸின் முத்திரை சுலபமானது: ஒரு வட்டம், அதற்குள் எம்.ஏ.ஆர். என்ற மூன்று எழுத்துகள், அவற்றின் குறுக்கே பெரிய எக்ஸ். வீட்டின் வெளிச்சுவரில் கீழ் மூலைகளைத் தேடுங்கள். செடி கொடிப் படங்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும். முத்திரை தெரியவில்லை என்பதற்காக மார்க்ஸ் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். துருவிலோ கீறலிலோ போயிருக்கலாம்.

அடுத்தது புரூக்லினின் டி. கோன் நிறுவனம். 'சுபீரியர்' என்ற பெயரில் விற்றார்கள். சிவப்பு ஓட்டுக் கூரையும் மாடியில் திறந்த தளமுமாக ஸ்பானிய பாணியில் அவர்கள் செய்த வீடு எனக்கு மிகவும் பிடித்தது. மார்க்ஸின் வெள்ளைப் பலகைச் சுவர்களுக்கு நடுவே அதை வைத்துப் பாருங்கள், தனியாகக் கண்ணில் படும். இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு மெட்டாய், சாட் வேலி இரண்டும் கிடைக்கும். மெட்டாய் என்பது 1933-இல் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதரான ஃபிலிப் உல்மன் நார்தாம்ப்டனில் தொடங்கியது. பின்னால் கோர்கி பொம்மைக் கார்களைக் கொண்டுவந்ததும் அவர்கள்தான். 'மெட்டல் விண்டோஸ்' என்று விளம்பரப்படுத்தும் ட்ரை-ஆங் வீடுகளையும் இங்கிலாந்தில் பார்ப்பீர்கள். அவற்றில் சன்னல் மட்டும்தான் உலோகம், வீடு மரம். வாங்கிய பிறகு ஏமாறாமல் இருக்க இதைச் சொல்கிறேன்.

ஆண்டைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. பெட்டியோ பூட்டும் முறைத் தாளோ கிடைத்தால் அதில் உள்ள முகவரியைப் பாருங்கள். ஊர்ப் பெயருக்குப் பின்னால் ஒன்றிரண்டு இலக்க எண் மட்டும் இருந்தால் அது 1943-க்கும் 1963-க்கும் இடையிலான தபால் மண்டல எண். ஐந்து இலக்க எண் இருந்தால் 1963-க்குப் பிந்தையது. ஜிப் கோடு வந்தது அந்த ஆண்டில்தான். பெட்டியில் 'ஹாப்பி-டைம்' என்று இருந்தால் அது சியர்ஸ் கடையில் விற்றது.

சித்திரங்களும் காலத்தைக் காட்டும். 1947-இல் நியூயார்க் அருகே லெவிட்டவுன் என்ற புறநகர்க் குடியிருப்பு எழத் தொடங்கியதிலிருந்து அமெரிக்க நடுத்தரக் குடும்பங்கள் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தன. பொம்மை வீடுகளும் கூடவே மாறின. முதலில் வந்த இரண்டு மாடிக் கொலோனியல் வீடுகளோடு, 1950-களில் ஒற்றைத் தளத்து ராஞ்ச் வீடுகளும் சேர்ந்துகொண்டன. அணுகுண்டு அச்சம் உச்சத்தில் இருந்த 1960-களின் தொடக்கத்தில் பதுங்கு அறை வைத்த பொம்மை வீட்டைக்கூட மார்க்ஸ் விற்றது. குழந்தைகள் அறைச் சுவரில் மிக்கி மவுஸும் டொனால்டும் இருந்தால் அது டிஸ்னி உரிமத்தோடு வந்த ரகம். சேகரிப்பவர்கள் அந்த ஒரு சுவருக்காகவே தேடி அலைகிறார்கள்.

படி 2: அளவை அளந்து பாருங்கள்

சாமான் வாங்கும்போது பலர் தடுக்கி விழுவது இங்கேதான். மார்க்ஸ் இரண்டு அளவுகளில் வீடு செய்தது. சின்னது ஒரு அடிக்கு அரை அங்குலம், அதாவது 1:24. பெரியது ஒரு அடிக்கு முக்கால் அங்குலம், 1:16. படத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே தெரியும்.

அளவுகோலை எடுத்துத் தரையிலிருந்து மாடித்தளம் வரை அளந்து பாருங்கள். அசல் வீட்டில் எட்டு அடி உயரம் என்று வைத்துக்கொண்டால் சின்ன ரகத்தில் சுமார் 4 அங்குலமும் பெரிய ரகத்தில் சுமார் 6 அங்குலமும் வரவேண்டும். அச்சடித்த கதவுகளையும் சன்னல்களையும் நம்பாதீர்கள். ஓவியர் கண்ணுக்கு அழகாக வரைந்தாரே தவிர கணக்குப் பார்த்து வரையவில்லை. நாற்காலிக்கும் இதே கணக்குதான்: உட்காரும் பலகை தரையிலிருந்து முக்கால் அங்குலம் இருந்தால் சின்ன வீட்டுக்கு, ஒரு அங்குலத்துக்குச் சற்று மேல் இருந்தால் பெரிய வீட்டுக்கு.

படி 3: காசு கொடுக்கும் முன்

நேரில் பார்க்க முடிந்தால் ஒரு சின்னக் காந்தமும் பூதக்கண்ணாடியும் எடுத்துப் போங்கள். காந்தத்தைச் சுவர், தரை, கூரை எல்லாவற்றிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடம் இருந்தால் அது அட்டையாலோ பலகையாலோ பின்னால் செருகிய மாற்றுப் பாகமாக இருக்கலாம். பூதக்கண்ணாடி எதற்கென்றால், லித்தோ அச்சில் நிறங்கள் முழுப் பரப்பாகவோ ஒழுங்கான வரிசைப் புள்ளிகளாகவோ தெரியும். வீட்டு பிரிண்டரில் எடுத்து ஒட்டிய தாள் என்றால் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் சிதறியிருக்கும். தூரிகையால் பூசி மறைத்த இடத்தில் புள்ளியே இருக்காது, தூரிகைக் கோடுதான் இருக்கும். தரையில் அச்சடித்த விரிப்பின் ஓரத்தில் சிவப்பு நிறம் கோட்டைத் தாண்டி ஒரு நூலளவு வழிந்திருந்தால் பயப்பட வேண்டாம். அச்சகத்தில் நிறத்தகடு கொஞ்சம் நகர்ந்ததன் அடையாளம் அது. அசல் என்பதற்கே சாட்சி.

இணையத்தில் வாங்குவதாக இருந்தால் விற்பவரிடம் சில படங்கள் கேளுங்கள்: அடிப்பக்கம், கூரையின் உட்பக்கம், நான்கு மூலைகள், சுவரும் தளமும் சேரும் இடங்கள். முன்பக்கப் படம் மட்டும் போட்டிருந்தால் அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. குறிப்பாக அடித்தளத்தைப் பார்க்க வேண்டும். பல வீடுகள் பத்து இருபது ஆண்டுகள் நிலவறையில் ஈரத் தரையில் கிடந்தவை. அடி ஓரம் சல்லடையாகிப் போயிருந்தால் நான் வாங்கமாட்டேன். மேலோட்டமான செம்புள்ளிகள் பரவாயில்லை. தடவினால் குழி தட்டுப்படும் துரு இருக்கிறதே, அது அச்சை ஏற்கெனவே தின்றுவிட்டது.

வெயிலில் வெளுத்த வீட்டைக் கண்டுபிடிக்க, உள்ளே மாடித்தளம் சுவரோடு சேரும் இடுக்கைப் பாருங்கள். வெளிச்சம் படாத அந்த இடத்து நிறமும் வெளிச்சுவரின் நிறமும் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதே வெளுப்பின் அளவு. முதலில் போவது பெரும்பாலும் சிவப்பும் மஞ்சளும். நீலநிறமாக மாறிப்போன "பச்சை"ப் புல்தரையை அடிக்கடி பார்க்கலாம். மஞ்சள் போய் நீலம் மட்டும் நின்றதால் வந்தது.

சாமான்கள் குறைவு, புகைபோக்கி இல்லை, கதவு ஒன்று காணோம் என்பதற்கெல்லாம் விலை பேசலாம், வாங்கவும் செய்யலாம். அச்சு நன்றாக இருக்கும் காலி வீடு, அச்சு போன முழு செட்டைவிட எத்தனையோ மேல்.

குழந்தைகள் கையில் கொடுக்கலாமா?

கூடாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. அந்தக் காலத்து மைகளிலும் வண்ணங்களிலும் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. அமெரிக்காவில் பொம்மைகளில் ஈயம் கலந்த வண்ணத்துக்குத் தடை வந்ததே 1978-இல்தான். அதோடு வெட்டிய தகர ஓரம் பிளேடு போல் கிழிக்கும். பெரியவர்கள் அலமாரியில் வைத்து ரசிக்க வேண்டிய பொருள் இது. குழந்தை பக்கத்தில் நின்று பார்க்கட்டும், கதை கேட்கட்டும். வேலை செய்யும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், முடிந்ததும் கை கழுவுங்கள், துருவைத் தேய்க்கும் இடத்தைச் சாப்பாட்டு மேசையிலிருந்து தள்ளி வையுங்கள். தேய்த்த தூளை ஊதாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.

படி 4: பார்சல்

பூட்டிய வீட்டைப் பிரித்துத் தட்டையாக அனுப்பட்டுமா என்று விற்பவர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அனுப்பும் செலவு குறையும்தான். ஆனால் பிரிக்கும்போது நாக்குகளை நிமிர்த்த வேண்டும், திரும்பப் பூட்டும்போது மடிக்க வேண்டும். அறுபது எழுபது வருடத் தகரம் அதைத் தாங்காது. உள்ளே அறை அறையாகக் கசங்கிய தாளைத் தளர்வாக அடைத்து, பெட்டிக்குள் பெட்டியாக வைத்து அனுப்பச் சொல்லுங்கள். சுவர் மேல் நேராக ஒட்டு டேப் போடக் கூடாது என்பதை எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள். டேப்பை உரிக்கும்போது கூடவே வானமும் கொடியும் உரிந்து வருவதைப் பார்த்தவர்களுக்கு இந்த எச்சரிக்கையின் அருமை தெரியும்.

ஒரு முறைகூடப் பூட்டாத, தகடுகள் அப்படியே அடுக்கிய பெட்டி எப்போதாவது கிடைக்கும். அது அபூர்வம். அதைப் பூட்டாமலே வைத்திருங்கள் என்பது என் கருத்து.

படி 5: சுத்தம் செய்வது

நம் வீடுகளில் பித்தளை, செம்பு என்றால் புளி போட்டுத் தேய்ப்போம், எலுமிச்சை தேய்ப்போம். அந்தப் பழக்கத்தை இங்கே மறந்துவிடுங்கள். அமிலம் வார்னிஷைத் தின்று இரும்பையும் அரிக்கும். கண்ணாடி துடைக்கும் நீலத் திரவம், நகச்சாயம் போக்கும் திரவம், ஸ்பிரிட், பாத்திரம் தேய்க்கும் பச்சை நார், அழுக்கு அழிக்கும் வெள்ளைப் பஞ்சு எதுவும் அச்சு மேல் படக் கூடாது.

முதலில் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு மென்மையான ஓவியத் தூரிகையால் மூலைகளில் உள்ள தூசியைத் தளர்த்தி எடுங்கள். காய்ந்த நிலையிலேயே எவ்வளவு போகுமோ அவ்வளவும் போகட்டும். தூசியை விட்டுவிட்டு ஈரத்துணியை வைத்தால் மணல் துகள் வார்னிஷில் கோடு போட்டுவிடும்.

அடுத்து ஈரச் சுத்தம். அரை லிட்டர் வடிநீரில் பாத்திரம் கழுவும் மென்சோப்புத் திரவம் இரண்டு மூன்று சொட்டு போதும். பஞ்சுக் குச்சியை நனைத்து, பிழிந்து, யார் கண்ணிலும் படாத இடத்தில் ஒவ்வொரு நிறத்தின் மேலும் தனித்தனியாக ஒற்றிப் பாருங்கள். சிவப்பை அவசியம் சோதியுங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அங்கேயே நிறுத்துங்கள். அந்த வீட்டுக்குத் தூரிகைச் சுத்தம் மட்டும்தான்.

நிறம் ஏறவில்லை என்றால் ஓர் அறையை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் ஒரு சுவர், அதில் உள்ளங்கை அளவு இடம். பஞ்சை உருட்டி உருட்டி எடுக்க வேண்டும், அழுத்தித் தேய்க்கக் கூடாது. பஞ்சு பழுப்பானதும் புதியதை எடுங்கள். சோப்பு போன இடத்தை வெறும் வடிநீர்ப் பஞ்சால் ஒற்றி, உடனே பருத்தித் துணியால் உலர்த்துங்கள். தளமும் சுவரும் சேரும் காடிகளில் தண்ணீர் நின்றால் துரு அங்கிருந்து கிளம்பும். ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்து அந்த இடுக்குகளில் காட்டுங்கள். எந்தச் சூழ்நிலையிலும் வீட்டைக் குழாயடியில் காட்டாதீர்கள், தொட்டியில் முக்காதீர்கள்.

சமையலறைப் பக்கத்தைத்தான் நான் எப்போதும் கடைசியில் செய்வேன். அந்தச் சுவரில் அச்சடித்த அலமாரிகள், தட்டுகள், தொங்கும் கரண்டிகள் என்று நுணுக்கம் அதிகம். தூசுப் படலம் விலகி ஒரு தட்டின் விளிம்பிலிருந்த மெல்லிய நீலக் கோடு தெரியவரும்போது கை தானாகவே மெதுவாகிவிடும். அந்த வேகத்தையே வீடு முழுக்க வைத்துக்கொள்வது நல்லது.

படி 6: துரு

அச்சில்லாத உட்புறம், அடிப்பக்கம் என்றால் நேர் வழி: தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு, மிக நைசான நான்கு பூஜ்ய (0000) இரும்புக் கம்பளி, மெதுவான தேய்ப்பு, பிறகு துணியால் முழுக்கத் துடைப்பு. தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளாக ஆக அது காறிப்போய் அமிலத்தன்மை பெறும், பிசுக்கில் தூசியும் ஒட்டும்.

அச்சு உள்ள இடத்தில் கம்பளியை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. துருப்புள்ளியின் மேல் மட்டும் அதே எண்ணெயை ஊசி முனையளவு வைத்து, ஒரு நாள் ஊறவிட்டு, மூங்கில் பல்குத்தியின் முனையால் புள்ளியை மட்டும் சுரண்டி எடுங்கள். சுற்றியுள்ள நிறத்தில் முனை படக் கூடாது. பாதி போனால் போதும். துரு முழுவதையும் விரட்ட நினைத்தால் அதைச் சுற்றி நிற்கும் அச்சும் சேர்ந்து போகும்.

குழி விழுந்து இன்னும் பரவிக்கொண்டிருக்கும் துருவுக்கு டானிக் அமிலம் கலந்த துருமாற்றி கடைகளில் கிடைக்கும். அது துருவைக் கறுப்பாக்கி நிறுத்தும். கறுத்த புள்ளி கண்ணில் உறுத்துவதால் அச்சுப் பக்கம் நான் அதைப் போடுவதில்லை, அடிப்பக்கத்துக்கு மட்டும்தான்.

இதற்குப் பிறகு வரும் ஆசை, உதிர்ந்த இடத்தில் நிறம் தீட்டுவது. நான் இதற்கு எதிரானவன். பூசியே ஆக வேண்டும் என்றால் முதலில் மெழுகு பூசி (படி 8), அதன் மேல் நீரில் கலக்கும் அக்ரிலிக் நிறத்தை, உதிர்ந்த குழிக்குள் மட்டும் வையுங்கள். நாளைக்கு வேறொருவர் அதை எடுக்க நினைத்தால் எடுக்க முடிய வேண்டும்.

படி 7: நாக்குகள்

சுவரும் தளமும் இணைவது ஆணியிலோ திருகிலோ இல்லை. ஒரு தகட்டின் ஓரத்தில் துருத்தி நிற்கும் சிறு நாக்கு மற்றொன்றின் துளைக்குள் நுழைந்து, மறுபக்கம் மடிந்து பிடித்துக்கொள்ளும். மொத்த வீடும் இந்த நாக்குகளை நம்பித்தான் நிற்கிறது. மடித்து நிமிர்த்தும் ஒவ்வொரு முறையும் மடிப்புக் கோட்டில் இரும்பு தளர்கிறது. சில முறைக்குப் பிறகு பட்டென்று ஒடியும். அதனால் ஆடாத இணைப்பைத் தொடவே தொடாதீர்கள்.

ஆடும் நாக்கை இறுக்க, நோஸ் பிளையரின் இரு தாடைகளிலும் மாஸ்கிங் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். மறுபக்கச் சுவரில் ஒரு மரக்கட்டையை அணை கொடுத்து, நாக்கின் அடியில் பிடித்து மெல்ல அழுத்துங்கள். நுனியைப் பிடித்து இழுத்தால் மடிப்பில் விரிசல் விழும். ஒரே அழுத்தில் முழுதாக மடிக்க வேண்டாம். பக்கத்து நாக்குகளையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து இறுக்கிக்கொண்டே வாருங்கள்.

ஒடிந்த நாக்குக்கு ஈயப்பற்று வைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அந்தச் சூட்டில் பின்பக்க அச்சு கருகிப்போகும். அதற்குப் பதில், வெளியே தெரியாத மூலையில் ஒரு சின்ன எல் வடிவத் தகரத் துண்டை மடித்து வைத்து, இரண்டு பக்கமும் ஒவ்வொரு காந்த வில்லையால் பிடிக்கவிடுங்கள். சுவர் இரும்பென்பதால் நியோடைமியம் காந்தம் அழகாக ஒட்டும், பசை வேண்டாம், நாளைக்கு எடுத்தும் விடலாம். காந்தத்துக்கும் அச்சுக்கும் நடுவே மெல்லிய காகிதம் வையுங்கள். வைத்த காந்தத்தை நகர்த்தக் கூடாது, நேராகத் தூக்கி எடுக்க வேண்டும், இழுத்தால் கீறும்.

வளைந்த கூரைத் தகட்டைச் சுத்தியலால் தட்டாதீர்கள். இருபக்கமும் பருத்தித் துணி வைத்து, உள்ளங்கையால் அழுத்தியே நிமிர்த்துங்கள். கூர்மடிப்பு விழுந்திருந்தால் விட்டுவிடுங்கள். மடிப்பை நிமிர்த்தினால் அந்தக் கோட்டில் வார்னிஷ் செதிலாக உதிரும்.

படி 8: மெழுகு

சுத்தமான, நன்றாக உலர்ந்த வீட்டுக்கு மைக்ரோ கிரிஸ்டலின் மெழுகு ஒரு மெல்லிய பூச்சு கொடுங்கள். ரெனைசான்ஸ் வாக்ஸ் என்ற பெயரில் கிடைப்பது பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வுக்கூடத்தில் 1950-களில் உருவானது. அருங்காட்சியகங்கள் இன்றும் அதைத்தான் நம்புகின்றன. துணியில் கடுகளவு எடுத்தால் ஒரு முழுச் சுவருக்குப் போதும். அதில் கரைப்பான் இருப்பதால் இதையும் மூலையில் சோதித்துவிட்டே பூசுங்கள். அறையில் காற்றோட்டம் இருக்கட்டும். வெட்டிய ஓரங்களையும் நாக்குகளையும் மறக்காதீர்கள், மெழுகு அதிகம் தேவைப்படுவது அங்கேதான். கார் மெழுகு வேண்டாம். பலவற்றில் தேய்ப்புத் தூள் கலந்திருக்கும்.

படி 9: உள்ளே என்ன வைப்பது

இனி சந்தோஷமான பகுதி. மார்க்ஸ் வீட்டோடு வந்த மார்க்ஸ் சாமான்கள் எளியவை: அச்சில் வார்த்த பிளாஸ்டிக், திறக்காத இழுப்பறைகள், அசையாத சிறு மனிதர்கள். அடியில் திருப்பிப் பார்த்தால் அதே வட்ட முத்திரை இருக்கும். நியூயார்க்கின் மினியோலாவிலிருந்து வந்த ரென்வால் வேறு ரகம். இழுப்பறை திறக்கும், ஃபிரிட்ஜ் கதவு திறக்கும், மனிதர்களின் கை கால் மடங்கும். அளவு முக்கால் அங்குலம், அதனால் பெரிய தகர வீடுகளில் பாந்தமாக அமரும். ஐடியல் கம்பெனியின் சாமான்களும் நல்லவை; 'யங் டெக்கரேட்டர்' வரிசையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அது இரண்டு மடங்கு பெரியது, வாசலிலேயே நுழையாது.

வீடு ஒரு கம்பெனி, சாமான் வேறு கம்பெனி என்றால் தப்பா என்று கேட்கிறார்கள். அளவும் காலமும் பொருந்தினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் விற்கும்போது அதைச் சொல்லிவிட வேண்டும்.

இந்தச் சாமான்களில் பெரும்பாலானவை கெட்டியான பாலிஸ்டைரீன். வெதுவெதுப்பான தண்ணீரும் சோப்பும் மட்டுமே. வெந்நீர் பட்டால் கோணிக்கொள்ளும், ஸ்பிரிட் பட்டால் நுண்விரிசல் விழும். எல்லாவற்றுக்கும் மேலாக, மெத்தென்ற வினைல் பொம்மைகளை இவற்றின் மேல் உட்கார வைத்துவிட்டுப் போகாதீர்கள். வினைலை மென்மையாக வைத்திருக்கும் ரசாயனம் கசிந்து பாலிஸ்டைரீனை இளக்கிவிடும். சில மாதம் கழித்துத் தூக்கினால் சோபாவில் பொம்மையின் அச்சு குழியாகப் பதிந்திருக்கும். வினைல் பைகளும் அப்படித்தான். ரப்பர் பேண்டும் ஆகாது. அமிலமில்லாத திசுத்தாளில் சுற்றி வையுங்கள்.

படி 10: எங்கே வைப்பது

சன்னல் வெயில் படாத உள்சுவர்ப் பக்கம். விளக்கு வேண்டுமென்றால் எல்.இ.டி., அதுவும் பார்க்கும்போது மட்டும். ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் துரு அடங்கிக் கிடக்கும். ஊருக்குக் கொண்டுபோய்ச் சென்னையிலோ தூத்துக்குடியிலோ வைக்க நினைப்பவர்கள் கண்ணாடிக் கதவுள்ள அலமாரி ஒன்றை முதலில் தயார் செய்யுங்கள். கடற்காற்றின் உப்பு தகரத்துக்கு எமன். உள்ளே சிலிக்கா ஜெல் பைகளையும் விலை மலிவான ஒரு ஈரப்பதமானியையும் வையுங்கள். ஜெல்லின் நிறம் மாறியதும் அடுப்பில் உலர்த்தித் திரும்ப வைக்கலாம்.

அலமாரித் தட்டு பச்சை மரமாகவோ புது பிளைவுட்டாகவோ இருந்தால், அதிலிருந்து வரும் அமில ஆவி மூடிய பெட்டிக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். நடுவே கண்ணாடித் தட்டோ தடித்த பாலியெஸ்டர் தாளோ போடுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை வீட்டை வெளியே எடுத்து ஓரங்களையும் அடிப்பக்கத்தையும் பாருங்கள், செம்புள்ளி தெரிந்தால் படி 6-க்குப் போங்கள். தூக்கும்போது கூரையைப் பிடிக்க வேண்டாம். இரண்டு கைகளையும் அடித்தளத்துக்குக் கீழே கொடுத்துத் தூக்குங்கள்.